மஞ்சள் நடைவண்டி

கடை திறக்கும் முன் பொம்மைகளைத் துடைப்பது சௌந்தரத்தின் வேலை. வேலைக்காரியிடம் விட்டால் தகரக் காரின் சாவியை முறுக்கி உடைத்து வைப்பாள். புருஷன் ராஜகுருவிடம் விட்டால் அப்படியே கிடக்கும். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் ஆடி மாசத்துக் கரிசல் தூசிக்குப் பூட்டு ஏது, சாவி ஏது? காலையில் பார்த்தால் ஒவ்வொரு பொம்மைத் தலையிலும் மாவு சலித்துக் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருக்கும்.

மண் பொம்மையை ஈரத்துணியால் தொடக் கூடாது, வர்ணம் கையோடு வந்துவிடும்; அதற்குக் கோழியிறகு. தகரத்துக்கு உலர்ந்த துணி, இல்லாவிட்டால் துரு. தலையாட்டிச் செட்டியார் பொம்மையைக் கழுத்தில் பிடிக்காமல் இடுப்பில் பிடித்துத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் முடிந்தது. பிளாஸ்டிக்கில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கடைசியில் நடைவண்டிகள். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கின, மஞ்சளில் சிவப்புச் சக்கரம் வைத்து. அவற்றைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குள் கிடந்த மகளின் வண்டிக்கு வந்தாள். கைப்பிடியின் நடுவில் மஞ்சள் போய் வெள்ளை மரம் தெரிந்தது. பல் முளைக்கிற பிள்ளை, கடித்துக் கடித்துத் தின்றிருந்தது. அரிசிப் பல் நாலும் பதிந்த தடம்கூட இருந்தது.

"எலிக்குட்டி" என்று சிரித்தாள் சௌந்தரம்.

அப்படிச் சிரித்தோமே என்று பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அது எழுபத்துநாலாம் வருசம்.

பந்தல்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்த வீட்டுப் பெண் அவள். அறுபத்திரண்டில் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது முன்பக்கம் கடை, நடுவில் ஒரு அறை, பின்னால் வீடு. கல்லாவில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அப்போது கடையில் இருந்ததெல்லாம் ஓலைக் கிலுகிலுப்பை, மண் குதிரை, பம்பரம், சொப்புச் சாமான், அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் அரக்குப் பூசிய மரச் சாமான்கள். அரக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை சப்பினாலும் போகாது.

அந்த வருசமே சீனாக்காரன் சண்டை வந்தது. பையன்கள் எல்லோருக்கும் தகரத் துப்பாக்கி வேண்டியிருந்தது. அறுபத்தஞ்சில் மறுபடி சண்டை, அதோடு சாவி கொடுத்தால் ஊர்ந்து போகும் டாங்கி. படுக்க வைத்தால் கண் மூடும் வெள்ளைக்காரப் பொம்மை வந்தது. பொட்டு வெடி வைத்துச் சுடும் துப்பாக்கி வந்தது. சந்திரனில் ஆள் இறங்கிய வருசம் தகர ராக்கெட் வாங்க மல்லாங்கிணற்றிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். உலகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பேப்பர் படிக்காமலே சௌந்தரம் தெரிந்துகொண்டது அந்தக் கடைத் தட்டுகளில்தான்.

தெரியாமல் போனது ஒன்றே ஒன்று, தன் வயிற்றில் ஏன் ஒன்றும் தங்கவில்லை என்பது. ரெண்டு தரம் தரித்துக் கலைந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இந்தப் பக்கத்தில் நடைவண்டிக்கு ஒரு முறை உண்டு. தாய்மாமன் வாங்க வேண்டும். வாங்கும்போது பிள்ளை பெற்றவள் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக் கிழக்குப் பார்த்து உருட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்த வண்டி, பிள்ளை நன்றாக நடை பழகும் முன்னால் கொடுத்த வாசலுக்குத் திரும்பி வந்து தங்கக் கூடாது. வண்டி திரும்பினால் நடையும் திரும்பிப் போய்விடும் என்பார்கள். மாமியார்தான் உருட்டிக் கொடுப்பாள். அவள் இல்லாத நேரத்தில் ஒரு நாள் சௌந்தரம் வண்டியில் கை வைத்தபோது, புளியம்பட்டியிலிருந்து வந்த ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்: "நீங்க தொடாதீக தாயி. பெரியம்மா வரட்டும். நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

சௌந்தரம் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அரிசி களைந்தாள். அழவில்லை. அரிசியைத்தான் தேவைக்கு மேல் ரெண்டு தண்ணீர் கூடக் களைந்தாள்.

மாமியார் செத்த மறு வருசம், எழுபத்துமூன்று ஆவணியில், பெண் பிறந்தது. மாமியார் பேரையே வைத்தார்கள், சண்முகவடிவு. மாமியார் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் பெற்றவள் மட்டும் "பாப்பா" என்றாள். ஊர் தலைகீழாகப் புரண்டது. பதினோரு வருசம் கழித்துப் பெற்றவள் கை என்று சௌந்தரத்தின் கைக்கு ராசி வந்தது. தொடாதே என்ற அதே புளியம்பட்டிக்காரி தன் தங்கையைக் கூட்டி வந்தாள். "அக்கா கையால உருட்டிக் குடுங்கக்கா" என்றாள். சௌந்தரம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உருட்டினாள். ஆனால் உள்ளுக்குள் பொங்கிய சந்தோசத்துக்கு அளவில்லை. திருச்சுழி, ரெட்டியபட்டி, பாளையம்பட்டி என்று எங்கெங்கோ அவள் கை பட்ட வண்டிகள் போயின.

மஞ்சள் பெயிண்ட் ராஜகுருவின் யோசனை. பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து தட்டில் ஏறியதும், பக்கத்தில் அரக்குச் சாமான் அழுக்குப் போலத் தெரிந்தது. வண்டியைப் பார்த்து, "பழசா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அவன் மல்லாங்கிணற்று ஆசாரியிடம் வெறும் மரமாக வண்டிகளை வாங்கினான். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையிலிருந்து டின் டின்னாக மஞ்சளும் சிவப்பும் கொண்டுவந்து, கொல்லையில் உட்கார்ந்து தானே பூசினான். வெயிலில் காயவைத்தால் கண் கூசும். "லாரியே வருசக்கணக்கா மழை வெயில்ல ஓடுது, பிள்ளை ஓட்டுற வண்டிக்கு என்ன?" என்றான். அம்மா நடத்திய கடையில் அவன் தானாக யோசித்துச் செய்த முதல் காரியம் அது. அது விற்கவும் செய்தது. அந்த ஒரு வருசம் அவன் நடையே வேறாக இருந்தது.

எழுபத்துநாலு ஆவணியில் பாப்பா சோற்றைத் தள்ள ஆரம்பித்தாள்.

பல் வருகிறது என்றார்கள். பிறகு வெளிக்குப் போகவில்லை. நாள் கணக்கில் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து வீரிட்டாள். வண்டியைக் கொடுத்தால் அடங்குவாள். கைப்பிடியில் வாயை வைத்துக்கொண்டு சப்புவாள். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்: "பொம்மைக்கடைக்காரி மகளுக்குச் சோறு எறங்காதாக்கும், வண்டிதான் எறங்குமாக்கும்! நாளைக்கு இவளைக் கட்டிக்கிறவன் மரக்கடைதான் வைக்கணும்."

சௌந்தரமும் சிரித்தாள். மாந்தம் என்று வைத்தியர் மருந்து உரைத்துக் கொடுத்தார். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நெடி வரவில்லை, கண்ணேறுதான் என்று நிச்சயமானது. பிள்ளை பஞ்சு மாதிரி வெளுத்தது. புரட்டாசியில் ஒரு நாள் காலை, அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுவறை முழுக்க ஓடியவள், எழுந்து நிற்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினால் வலது பாதம் துணி மாதிரி மடங்கியது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வயசானவர், அவசரப்படாதவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பாதத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு விரலால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தவர், ஜன்னல் பக்கம் பிள்ளையைத் திருப்பி மறுபடி பார்த்தார். சௌந்தரமும் எட்டிப் பார்த்தாள். பல்லோரமாக ஈறில் சிலேட்டு நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. தினம் பல் துடைத்துவிட்ட தாய், அதை அழுக்கென்று நினைத்திருந்தாள்.

"பிள்ளை எதையாவது கடிக்குமா? சுவரு, பெயிண்டு, அந்த மாதிரி?"

சௌந்தரம் வாயைத் திறப்பதற்குள் ராஜகுரு சொன்னான்: "இல்லீங்க."

"வீட்டுல பெயிண்ட் வேலை ஏதும் நடக்குதா?"

"இல்லீங்க டாக்டர்."

"என்ன தொழில் பண்றீங்க?"

"கடைங்க. சில்லறைச் சாமான் யாவாரம்."

டாக்டர் சௌந்தரத்தைப் பார்த்தார். அவள் பிள்ளையைப் பார்த்தாள். புருஷன் ஒன்று சொன்ன பிறகு வெளி ஆள் முன்னால் பொண்டாட்டி வேறொன்று சொல்லி அவள் வீட்டில் பழக்கமில்லை. டாக்டர் ஊசி போட்டார், டானிக் எழுதினார். "உடம்புல ஈயம் சேந்தாலும் இப்படி ஆகும். எதுலேருந்து சேருதுன்னு தெரியணும். தெரியாம நான் மருந்து குடுத்து என்ன பிரயோசனம்? வீட்டுல நல்லாப் பாருங்க. ஒரு மாசத்துல திரும்பக் கொண்டு வாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் கேட்டாள்: "ஏன் இல்லைன்னு சொன்னீக?"

"எதை?"

"நமக்குத் தெரியாதா என்ன, அவ வண்டியத்தானே..."

"ஈயமாம் ஈயம்" என்றான் அவன். "வீட்டுப் பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசித்தானே திங்கிறோம். அதுல தின்னு வளந்தவன்தானே நான்? எனக்குக் கால் மடங்கியா போச்சு?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, குரல் இறங்கி, அவளைப் பார்க்காமலே சொன்னான்: "ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் வித்ததுக்கெல்லாம் என்ன சொல்றது? யோசிச்சியா? ஊருக்குள்ள இருக்க விடுவாகளா நம்மள?"

அவள் உருட்டிக் கொடுத்த வண்டிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதுவரை அவள் தன் பிள்ளையை மட்டுமே நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கடையில் தொங்கிய புது வண்டி ஒன்றின் கைப்பிடியை நாக்கால் தொட்டாள். ஒன்றுமில்லை. நகத்தால் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்தாள். லேசாகத் தித்தித்தது. கருப்பட்டித் தித்திப்பு இல்லை. எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி, விழுங்கிய பின்னும் போகாத ஒரு தித்திப்பு. சொம்புத் தண்ணீர் முழுவதையும் கொப்பளித்துத் துப்பினாள். சப்பினால் பிள்ளை ஏன் அடங்கியது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

மகளின் வண்டியைப் பரணில் ஏற்றினாள். பிள்ளை கேட்டுக் கேட்டு அழுதது. அழட்டும் என்று விட்டாள். ஐப்பசி பிறந்து நாள் போகப் போக, வயிற்று வலி குறைந்தது. பருப்புச் சோறு ஒரு பிடி, ரெண்டு பிடி இறங்கியது. பாதம் மட்டும் நேராகவில்லை. நேராகுமா என்று தெரியவில்லை. மறுபடி மதுரைக்குப் போகணும் என்றாள். "போவோம், போவோம்" என்றான் ராஜகுரு.

தொங்குகிற வண்டிகளை இறக்கச் சொன்னாள். அதற்கும் "பாப்போம்." கொல்லையில் அவன் திருச்சுழிக் கோயில் திருவிழாவுக்காகப் புது வண்டிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தான். அந்த வருசம் ஐப்பசி மழை பொய்த்திருந்தது. பருத்தி காய்ந்து கிடந்தது. காசு புழங்காத வருசத்தில் திருவிழாதான் யாவாரம் என்றான். அவன் சொன்னதில் அவளுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் "அக்கா, உருட்டிக் குடுங்க" என்றால், "கையில சுளுக்கு" என்று உள்ளே போய்விடுவாள். அவள் கை படாததால் சிலர் வாங்காமல் போனார்கள். சிலர் அவன் கையாலேயே வாங்கிப் போனார்கள். உள்ளே இருந்தபடி சக்கரச் சத்தத்தை வைத்து எந்தத் திசைக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

வித்த வண்டிகளைத் திரும்ப வாங்குவது எப்படி? யார் கொடுப்பார்கள்? அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு செல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் ராக்கம்மாள் வந்தாள். ரெட்டியபட்டியில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண், இருளப்பசாமியின் பொண்டாட்டி. வாயாடி. வைகாசியில் அண்ணனோடு வந்து வண்டி வாங்கிப் போனவள். இப்போது இடுப்பில் மகன் காளிராஜ், தலையில் சாக்கு சுற்றிய நடைவண்டி. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றி வந்தாளாம். "பிள்ளைக்கு டிக்கெட்டு இல்லையாம், வண்டிக்கு டிக்கெட்டாம். எந்த ஊரு நியாயம் அண்ணாச்சி இது?" என்று ராஜகுருவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே நடுவறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

சௌந்தரம் பையனைப் பார்த்தாள். வெளுத்திருந்தான். தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"என்ன ராக்கு, பிள்ளை இப்படி இருக்கான்?"

"அதுக்குத்தான் வந்தேன்க்கா. வயித்து வலி, வயித்து வலின்னு உசிரை வாங்குறான். நல்லா நடந்த பய, இப்ப கால ஊன மாட்டேங்கான். எங்க மாமியா சொன்னாக, ராசிக் கை இன்னொரு தடவ வண்டிய உருட்டுனா சரியாயிரும்னு. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். திருப்பிக் குடுக்க இல்லக்கா, உருட்டி வாங்கிட்டுப் போக." சாக்கைப் பிரித்தாள். மஞ்சள் வண்டி. கைப்பிடி நடுவில் வெள்ளை மரம்.

சௌந்தரம் காளிராஜின் உதட்டை விரலால் தூக்கினாள். பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

"ராக்கு, நான் சொல்றதக் கேளு" என்றாள். வண்டியின் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இந்த வண்டி இங்க இருக்கட்டும். இதுல உள்ள பெயிண்டு விசம். பிள்ளை கடிச்சுத் தின்னுருக்கான். எம் பிள்ளைக்கும் இதுதான். வண்டிய எடுத்து ஒளிச்ச பெறகுதான் அவ சோறு திங்கா. இவனை நாளைக்கே மதுரைக்குக் கொண்டு போ. டாக்டரு பேரு தாரேன்."

ராக்கம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "என்னக்கா சொல்லுதீக? வண்டிய இங்க விட்டுட்டுப் போறதா?"

"விட்டுட்டுப் போ."

"வந்த வாசலுக்கே வண்டி திரும்புனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே உருட்டிக் குடுத்தீக!"

"நான்தான் குடுத்தேன். நான்தான் கேக்கேன்."

ராஜகுரு கடையிலிருந்து உள்ளே வந்தான். கை விரல்களில் மஞ்சள் காய்ந்திருந்தது. "தாயி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்றான், வாடிக்கைக்காரர்களிடம் பேசும் அதே இதமான குரலில். "பிள்ளை சொகமில்லாமக் கெடக்குல்லா, இவ கவலையில என்னமோ பேசுதா."

"டாக்டரு சொன்னாரு" என்றாள் சௌந்தரம்.

"டாக்டரு பெயிண்டுன்னா சொன்னாரு? பெயிண்டு கடிக்குமான்னு கேட்டாரு. இல்லைன்னோம். அதோட விட்டுட்டாரு. நீயும் அங்கதானே இருந்த, ஏதாவது சொன்னியா?"

ராக்கம்மாள் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அந்த வாயாடி, மெதுவாகப் பேசினாள். சத்தமாகப் பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது சௌந்தரத்துக்கு.

"உங்க மகளுக்குக் கால் வெளங்காமப் போச்சுன்னு ஊர்ல பேசிக்கிட்டாகக்கா. நான்கூட அழுதேன். ஆனா, எம் மகனும் நடக்கக் கூடாதுன்னு கேக்குற மனசு உங்களுக்கு வரும்னு நான் நெனைக்கல."

"ஏத்தா, அப்படி இல்லத்தா..."

"கைய எடுங்க."

சௌந்தரம் எடுக்கவில்லை. ராக்கம்மாள் இழுத்தாள். வண்டி ரெண்டு பேருக்கும் நடுவில் கிறீச்சிட்டது. காளிராஜ் அந்தச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி, கைப்பிடியைப் பார்த்துக் கை நீட்டி அழுதான். உள்ளேயிருந்து பாப்பாவும் வண்டி என்று தெரிந்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையில் சௌந்தரத்தின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அது போதும்.

ராக்கம்மாள் வண்டியைச் சாக்குகூடச் சுற்றாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பையன் உடனே குனிந்து கைப்பிடியில் வாயை வைத்தான். அழுகை நின்றது.

"வண்டிய வச்சுக்க, ராக்கு. கேக்கல நான். பிள்ளைய மட்டும் ஒருக்க மதுரைக்குக் கொண்டு போ. போவியா? ஒரே ஒரு தடவ காட்டுவியா? ராக்கு?"

ராக்கம்மாள் நிலைப்படியில் பையனின் தலை இடிக்காமல் இருக்க ஒரு கையால் அணைத்துக்கொண்டு, குனிந்து, நடுவறையை விட்டுப் போனாள்.